எதிர்த்தரப்புச் சாட்சி

ஒரு மனிதன் ராணுவத்தில் என்ன செய்தான் என்பது அவனுக்குத் தெரிந்தால் போதாது, பதிவேட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாகரிக உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கொள்கை இது. எங்கள் தெருக் கம்பிக்கார அண்ணனுக்கு மட்டும் முப்பத்தொரு வருஷமாக இது தெரியாமல் போய்விட்டது.

அவர் ராணுவத்தில் தொலைபேசிக் கம்பி இழுத்தவர். ஓய்வு பெற்று வந்த பிறகு தெருவில் அழைப்பு மணி, மின்விசிறி, ரேடியோ, எது படுத்தாலும் எழுப்பிக் கொடுப்பார். இடது கால் கொஞ்சம் இழுக்கும். ஏன் என்று கேட்டால், "ஈரத்துல நின்னது" என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

நான் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யாருடைய வீட்டுப் பத்திரமும் யாருடைய பிள்ளையின் மதிப்பெண்ணும் என் மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்துதான் போகவேண்டும். ஆகவே இந்த விவகாரத்தில் நடமாடிய ஒவ்வொரு காகிதத்தையும் படித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதல் காகிதத்தைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தெருத் தையல்காரம்மா. அவருடைய கணவரும் கம்பிக்கார அண்ணனும் ஒரே படைப்பிரிவு. எல்லைச் சண்டையின்போது இருவரும் ஆற்றைக் கடந்து கம்பி இழுத்தார்கள். அன்றைக்குத்தான் அம்மாவின் கணவர் இறந்தார். இருவருக்கும் சேர்த்து ஒரே வீரத்துக்கு ஆளுக்கொரு பதக்கம் கொடுத்தார்கள். அம்மா அதைத் தையல் மெஷினுக்கு நேர் மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தார். இப்போது அவருக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தது:

"தங்கள் கணவரின் பதக்கம் மற்றொரு வீரருடன் கூட்டாக வழங்கப்பட்டதாகக் காண்கிறது. மேற்படி மற்றொரு வீரரின் பதிவேட்டில் பதக்கம் எதுவும் காணப்படவில்லை. ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டு என்பது இயலாதாகையால், தங்கள் கணவரின் பதக்கம் ஐயத்துக்குரியதாகிறது. அதனை முப்பது நாட்களுக்குள் நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்குமாறு மகிழ்ச்சியுடன் கேட்டுக்கொள்கிறோம்."

அம்மா கடிதத்தை அண்ணனிடம் நீட்டினார். "அண்ணே, உங்களுக்குப் பதக்கம் குடுக்கலையா?"

"குடுத்தாங்களேம்மா. பீரோவுல இருக்கு."

"பீரோவுல இல்ல," என்றார் அண்ணி, உள்ளேயிருந்து. அவர் பிரசவ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதில் அவர் சொல்வதே கடைசி. "ஸ்க்ரூ டப்பாவுல இருக்கு. சின்ன வாஷரைக் கீழ விடாம பிடிச்சுக்கும்னு அதுல போட்டு வெச்சிருக்காரு."

எடுத்துப் பார்த்தால் இருந்தது. அண்ணன் அதைச் சட்டையில் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "வா தம்பி, ஒரு நடை போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றார். ஒரு நடை என்று அவர் சொன்னதை நானும் நம்பிக் கடையைச் சாத்தினேன்.

பதிவு அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது 'வீரர் மகிழ்ச்சி மையம்' இருந்தது. கட்டடம் அதேதான், ஆட்களும் அவர்களேதான். ஆனால் பயிற்சிக்குப் போய் வந்த ஓர் உயரதிகாரி, மரப்பெஞ்சு மனிதனின் மனத்தை இறுக்குகிறது என்று கண்டுபிடித்திருந்தார். பெஞ்சுகளை எடுத்துவிட்டு, உள்ளே மணிமணியாக எதையோ அடைத்த பெரிய மூட்டைகளைப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் ஆள் அப்படியே உள்ளே போய்விடுவார். எண்ணைக் கூப்பிடும்போது எழுந்திருக்க முடியாது. எழுந்து நிற்கும்போது எண் போயிருக்கும். எங்களுக்கு முன்னால் ஒரு பழைய பீரங்கிப் படைக்காரர் இரண்டு நாளாக மூட்டைக்குள் இருந்தார்.

"எத்தனையோ மலை ஏறியிருக்கேன் தம்பி. இதுல இருந்து எந்திரிக்க முடியல" என்றார்.

அண்ணன் காலைக் காரணம் காட்டி நின்றுகொண்டே இருந்ததால் எங்கள் எண் தப்பியது. பிழை திருத்தப் பிரிவின் துணைப் பதிவாளர் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, "தங்கள் சேவைக்குத் தலைவணங்குகிறோம்" என்றார். அங்கே எதையும் மறுப்பதற்கு முன் இப்படிச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

"உங்க பதிவேட்டுல என்ன பிழை?"

"பதக்கம் எழுதலைங்க."

"எழுதாதது பிழை இல்லைங்க. தப்பா எழுதினாத்தான் பிழை. இது காலியா இருக்கு. காலியை எப்படித் திருத்துறது?"

"அப்ப புதுசா சேர்த்துடுங்களேன்."

"சேர்க்கிறது பதிவுப் பிரிவு. ஆனா அவங்க பணியில இருக்கிறவங்களுக்குத்தான் சேர்க்கலாம். ஓய்வு பெற்றவங்களுக்குச் சேர்க்கக் கூடாது. சேர்த்தா அது தப்பு."

"தப்பு" என்றார் அண்ணன்.

"தப்பு" என்றார் துணைப் பதிவாளர். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கெட்ட மனிதர் இல்லை; விதிமுறை அனுமதிக்கும் தூரம்வரை இரக்கமுள்ளவர். "தப்புன்னு ஒண்ணு இருந்தா, நான் திருத்தலாமே!"

அவரே எங்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். பதிவுப் பிரிவில் ஓர் அம்மா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ஓய்வு பெற்றவருக்குச் சேர்க்கக் கூடாத ஒன்றைத் தவறுதலாகச் சேர்க்கச் சம்மதித்தார். ஆனால் வீரப் பதக்கத்தைத் தவறுதலாகச் சேர்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்ட தவறு, விளையாட்டு மட்டும். ஆகவே, 'நீச்சல் போட்டி, இரண்டாம் பரிசு' என்று எழுதினார்.

"ஏன்மா ரெண்டாம் பரிசு?" என்று நான் கேட்டேன்.

"முதல் பரிசுன்னா இயக்குநர் கையெழுத்து வேணும்."

ஆக அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, முப்பத்தொரு வருஷத்தில் முதன்முறையாக, கம்பிக்கார அண்ணனின் பதிவேட்டில் முறையான பிழை ஒன்று உண்டானது. துணைப் பதிவாளர் கைகுலுக்கினார். தையல்காரம்மாவுக்குப் போன கடிதம் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது.

"இனிமே சுலபம்தான். நீச்சலை அடிச்சிட்டு வீரம்னு எழுதணும். அதுக்கு, சம்பவத்தை நேர்ல பார்த்த ஒருத்தர் எழுத்துமூலமா சொல்லணும்."

அண்ணன் பாக்கெட்டிலிருந்து பதக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். துணைப் பதிவாளர் பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உள்ள வைங்க, உள்ள வைங்க! பதிவேட்டுல இல்லாத பதக்கம் ஒருத்தர் கையில இருந்தா அது குற்றம். நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன். சாட்சி யாராவது இருக்காங்களா?"

"கூட வந்தவரு செத்துட்டாரு."

"வேற யாரு பார்த்தாங்க?"

அண்ணன் யோசித்தார். "விடிகாலை, ஒரே பனி. எங்க பக்கத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சுட்டவங்க பார்த்திருப்பாங்க."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். துணைப் பதிவாளர் விதிநூலை எடுத்தார். 'நேரில் கண்டவர்' என்று இருந்தது. எந்தப் பக்கமிருந்து கண்டவர் என்று இல்லை.

"தடை எதுவும் இல்லை. எழுதிக் கேளுங்க. ஆனா எதிரின்னு எழுதிடாதீங்க, இது நல்லுறவு மாதம். எதிர்த்தரப்புன்னு போடுங்க."

வீட்டில் அண்ணி விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார். "கால்ல சுட்டவன்கிட்டயே போய், என்னைச் சுட்டது நிஜம்தான்னு எழுதிக் குடுன்னு கேக்கப் போறீங்க."

"ஆமா."

"அவன் எழுதுவான், பாருங்க. நம்மாளுங்கதான் எழுத மாட்டாங்க."

கடிதத்தை என் கடையில்தான் தட்டச்சு செய்தோம். தேதி, ஆற்றின் வளைவு, இருவர், கம்பிச் சுருள். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே பேச்சுதான். சண்டை போடுவதற்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. எதிர்த்தரப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு மறந்துவிட்டோம்.

மூன்றாம் வாரம் இரண்டு உறைகள் வந்தன. ஒன்று அலுவலகத்திலிருந்து. சம்பந்தப்பட்ட வீரர் கண்டறியப்பட்டார் என்றும், தற்போது தேனீ வளர்க்கிறார் என்றும், அவருடைய சான்று இத்துடன் இருக்கிறது என்றும் எழுதி, கீழே ஒரு வேண்டுகோளும் வைத்திருந்தார்கள். கடைசிக் குண்டுவரை காவல் விடாமல் நின்று சுட்டதற்காக மேற்படி வீரருக்கு வழங்கப்பட்ட பதக்கம் அவர்கள் பதிவேட்டிலும் விடுபட்டிருக்கிறது. அவர் எட்டு வருஷமாக நேரில் கண்ட சாட்சி தேடுகிறார். சுடப்பட்டவர் என்ற முறையில் தாங்கள் ஒரு சான்று தர இயலுமா?

இன்னொரு உறையில் முத்திரை எதுவும் இல்லை. அது அந்தத் தேனீக்காரரே சாதாரணத் தபாலில் போட்டது. நகல் எடுக்க வேண்டாம் என்று அண்ணன் சொன்ன ஒரே காகிதம் அதுதான். படிக்க மட்டும் கொடுத்தார்.

"ஐயா, எனக்குக் கொடுத்தது நான்கு குண்டுகள். பனிக்குள் இரண்டு பேர் வருவது தெரிந்தது. முதல் குண்டு தண்ணீரில் போனது. இரண்டாவது பின்னால் வந்தவர்மேல் பட்டது. முன்னால் போனவர் உடனே திரும்பினார். மூன்றாவது அவர் காலில் பட்டது. அவர் நிற்கவில்லை. பின்னால் வந்தவரைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியையும் இடுப்போடு சுற்றிக்கொண்டு கரை ஏறினார். அது நீங்கள்தான் என்று இப்போது தெரிகிறது. நான்காவது குண்டை நான் சுடவில்லை. ஆற்றில் போட்டுவிட்டுச் சுட்டேன் என்று சொல்லிவிட்டேன். அலுவலகத்துக்கு அனுப்பிய சான்றிலும் நான்கு என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் உங்களிடம் சான்று கேட்கிறவன் உங்களிடம் பொய் சொல்லிக் கேட்கக் கூடாது என்று தோன்றியது. பின்னால் வந்தவருக்கு வீட்டில் யாராவது இருந்தால், என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை."

அண்ணன் அதை மடித்துக்கொண்டு நேரே தையல்காரம்மா கடைக்குப் போனார். நானும் போனேன். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து படித்தார். கத்தரித்த துணி ஒன்று மடியிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை.

"இத்தனை வருஷமா எனக்கு இதை யாரும் சொல்லலை" என்றார். "ஆபீஸ்ல இருந்து வந்த தாள்ல 'கடமையின்போது'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்துச்சு. நீங்களும் சொல்லலைண்ணே."

அண்ணன் தரையைப் பார்த்தார். "சொல்றதுக்கு வாய் வரலைம்மா. கம்பியை விட்டுட்டு வரலையே. அதை விட்டிருந்தா, இன்னும் கொஞ்சம் முந்தியே அவரைத் தூக்கியிருப்பேனோன்னு... அந்த ஒரு நினைப்புலதான் உன் வீட்டுப் பக்கம் வந்தாக்கூட வாசல்லயே நின்னுட்டுப் போயிடுவேன்."

அம்மா கடிதத்தை அவர் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"உடனே திரும்பினார்னு எழுதியிருக்காரு, பாருங்க. உடனே. நீங்க சொன்னாக்கூட நான் பாதிதான் நம்பியிருப்பேன். இவரு எதுக்கு உங்களுக்காகப் பொய் சொல்லப் போறாரு?"

அண்ணன் ரொம்ப நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் துணி ரகங்களைப் பார்வையிட்டேன்.

"அவருக்கு எழுதிக் குடுக்கட்டுமாம்மா? உன்னைக் கேக்காம எழுத மாட்டேன். உன் வீட்டுக்காரரைச் சுட்ட கை அது."

"அந்தக் கைதான் நாலாவதைச் சுடாம விட்டிருக்கு." அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அதனாலதான் அவரைக் கரைக்குக் கொண்டு வந்தீங்க. இல்லைன்னா எனக்கு அதுவும் இல்ல. எழுதிக் குடுங்க."

"நாலும் சுட்டாருன்னுதான் எழுதணும்."

"நாலுன்னே எழுதுங்க. எட்டு வருஷமா அலையறாராமே! ஆபீசுக்கு அலையறவரு எந்தப் பக்கத்து ஆளுன்னு எல்லாம் பார்க்கக் கூடாதுண்ணே."

அண்ணன் எழுதினார். வாழ்க்கையில் ஒரு பொய்க்காக அவர் இவ்வளவு சிரமப்பட்டு நான் பார்த்ததில்லை. நான்கு தடவை கிழித்துப் போட்டு, ஐந்தாவது தடவை, 'நான்காவது குண்டு என் காதோரமாகச் சென்றது, அதன் சத்தம் இன்றும் நினைவிருக்கிறது' என்று முடித்தார்.

துணைப் பதிவாளர் அங்கிருந்து வந்த சான்றையும் அங்கே போகவேண்டிய அண்ணனின் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரிவரியாகத் தடவினார். பனி எவ்வளவு அடர்த்தி என்று கேட்டார். ஆற்றின் வளைவு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டார். தோளில் போட்டது எந்தத் தோள் என்று கேட்டார். நடந்தது ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டார். கடைசியில் குண்டுக்கு வந்தார்.

"இங்க நாலு. அங்கயும் நாலு." அவர் முகம் மலர்ந்தது. "இதுதான் ஐயா உண்மை! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க."

நீச்சலை அடித்துவிட்டு வீரம் என்று எழுதினார். தையல்காரம்மாவுக்கு, அவருடைய பதக்கத்தின் மீதிருந்த ஐயம் நீங்கியது என்று மகிழ்ச்சியுடன் கடிதம் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கமும் அதே வாரத்தில் ஒரு பதிவேடு திருந்தியது. தேனீக்காரர் தையல்காரம்மாவுக்கு ஒரு சீசா தேன் அனுப்பினார். கூட எதுவும் எழுதவில்லை. அம்மா பதிலுக்கு, அளவு தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே ஒரு சட்டை தைத்து அனுப்பினார். தேனை அவர் திறந்தாரா என்று நான் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் நல்ல காரியம் ஒன்று நடந்துவிட்டால் அதை விதிமுறையாக்காமல் அரசாங்கத்துக்குத் தூக்கம் வராது. துணைப் பதிவாளர் பதிவாளராக உயர்ந்தார். 'எதிர்த்தரப்புச் சாட்சி முறை' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒருவரைப் பற்றிய உண்மையை நண்பன் மறைப்பான், உறவினன் மிகைப்படுத்துவான், எதிரி மட்டுமே கூர்ந்து கவனித்திருப்பான் என்று அதில் விளக்கமாக எழுதியிருந்தது. படித்தால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது.

அதன் பிறகு ஊரே மாறிவிட்டது. பழைய வீரர்கள் சந்தித்துக்கொண்டால், "உங்காளு எழுதிட்டானா?" என்று விசாரித்தார்கள். எதிரி யாரென்று தெரியாதவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். பீரங்கிப் படைக்காரர், "நான் சுட்டது எட்டு மைலுக்கு அந்தப் பக்கம். எவன் தலையில விழுந்துச்சோ, யாருக்குத் தெரியும்" என்று கண்கலங்கினார். பிறகு மற்ற அலுவலகங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. ஓய்வு பெறும் தலைமையாசிரியர், தன்னிடம் அதிகம் அடி வாங்கிய மாணவனைத் தேடி லாரி நிலையத்துக்குப் போனார். நல்ல மருமகள் பரிசுக்கு மாமியாரின் ஒப்புதல் கட்டாயமானது. அந்த வருஷம் பரிசு யாருக்கும் வழங்கப்படவில்லை. எல்லோரும் இதைப் பாராட்டினோம். நானும் இரண்டு கூட்டங்களில் பாராட்டிப் பேசினேன்.

போன மாதம் வணிகர் சங்கத்தில், இருபத்தைந்து வருஷம் ஒழுங்காகக் கடை நடத்தியவர்களுக்கு நற்சேவைச் சான்றிதழ் என்று அறிவித்தார்கள். விண்ணப்பித்தேன். எதிர்த்தரப்பு யாரென்று கேட்டார்கள். யோசிக்கவே வேண்டியதில்லை. எனக்கு நேர் எதிரே இன்னொரு ஜெராக்ஸ் கடை. அவரும் நானும் பதினொரு வருஷமாகப் பேச்சு கிடையாது. நான் தெருவைக் கடந்து போய் நின்றேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் தாளை எடுத்து, என் முன்னாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

நேர்மையானவர், நேரத்துக்குக் கடை திறப்பவர், முதியவர்களை நிற்கவைக்க மாட்டார் என்று தாள் நிறைய நல்லதாகவே எழுதியிருந்தார். எனக்கே வெட்கமாக இருந்தது. தாளின் அடி விளிம்பில் கடைசியாக ஒரு வரி: 'இவர் மெஷினில் பக்கத்தின் கடைசி வரி மட்டும் விழாது, இதைச் சொன்னதற்காகத்தான் என்னோடு பேச்சை நிறுத்தினார்.'

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் செல்லரிக்கின்றன என்று, ஓய்வு பெற்றவர்களுடைய எல்லா ஏடுகளையும் ஒரு கடையில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அசலை எரித்தார்கள். இறந்தவர்களின் ஏடுகளை மட்டும் தொடவில்லை. அவர்கள் வந்து நகல் கேட்கப் போவதில்லை. அந்தக் கடை என்னுடையது. ஒவ்வொரு ஏட்டிலும் பதக்கங்களை எழுதும் வரி, பக்கத்தின் கடைசி வரி.

நானூற்றுச் சொச்சம் பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் தினமும் விண்ணப்பத்தோடு என் கடைக்குத்தான் வருகிறார்கள். "உங்களை மாதிரி உதவி செய்றவங்க யாரும் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கம்பிக்கார அண்ணனிடமாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். இரண்டு முறையும் அண்ணி காபி கொடுத்துவிட்டார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சான்றிதழுக்கான கடைசி நாள் நெருங்கியது. எதிர்த்தரப்புச் சாட்சியின் அசல் வேண்டாம், நகல் போதும் என்று சங்கத்தில் சொன்னார்கள். என் கடையிலேயே, என் மெஷினிலேயே ஒரு நகல் எடுத்து விண்ணப்பத்தோடு கொடுத்தேன்.

நேற்று சான்றிதழ் வந்துவிட்டது.